திண்ணைக்கும் முற்றத்துக்கும் மொட்டை மாடிக்கும் ஏற்ற இருக்கைகள்

வீட்டினுள்ளே கிடக்கும் நாற்காலிக்குக் கூரையும் சுவரும் காவலாக இருப்பதால், அதை வாங்குகையில் கண்ணுக்கு இதமாக இருக்கிறதா, சரீரத்துக்குச் சௌகரியமாக இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் கவனித்தாலே பெரும்பாலும் போதும். ஆனால் அதே நாற்காலியைத் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ மொட்டை மாடியிலோ போட எண்ணும்போது, கத்திரி வெயிலும் கார்த்திகை மழையும், கடலோர ஊர்களில் உப்புக் காற்றும், மண்ணிலிருந்து ஏறிவரும் கறையானும் அதன் ஆயுளை நிர்ணயிக்கத் தொடங்கிவிடுகின்றன. ஆகையால் கடைக்குப் புறப்படுமுன் ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன். ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தால், நாம் வாங்கப்போகும் இந்தப் பொருள் எங்கே நிற்கும்? கூரையின் கீழ் நனையாமல் நிற்குமா, சாரலில் பாதி நனையுமா, திறந்த வானத்தின் கீழ் முழுக்க நனையுமா என்பதைத் திட்டமாகத் தெரிந்துகொண்டவருக்கு, மரமா, இரும்பா, பிரம்பா என்ற அடுத்த கேள்வி தானாகவே பாதி தீர்ந்துவிடும். மழை வந்தால் உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்ற சமாதானத்தை நம்பி எதையும் வாங்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். மழை நாம் உறங்கும் வேளையிலும் ஊரில் இல்லாத நாளிலும் வரக்கூடியது, கனத்த நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு வீட்டில் எப்போதும் ஒரு வாலிபர் இருப்பார் என்பதும் நிச்சயமில்லை.

இடத்தை அறிவதென்றால் நீள அகலத்தை அளந்துகொள்வதோடு அது முடிந்துவிடாது. எந்த மாதத்தில் எந்தப் பக்கமாக வெயில் நுழைகிறது என்பதையும் ஓராண்டுக் காலம் வாழ்ந்த கண்ணோடு பார்க்கவேண்டும். வடக்கு நோக்கிய திண்ணை எந்நாளும் நிழலாகவே இருக்கும் என்று எண்ணி அங்கே வார்னிஷ் பூசிய மேஜையைப் போட்டுவிடுபவர்கள் பலர். ஆனால் சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை இரண்டாம் வாரத்தில் தலைக்கு நேர் மேலே வந்த சூரியன் அதற்குப் பிறகு வடக்கே சாய்ந்து, ஆவணி பிறக்கும் வரையில் அந்தப் பக்கமாகவே சஞ்சரிக்கிறது. கோடையின் கொடுமையான நாட்களில் வடக்குத் திண்ணை காலையிலும் மாலையிலும் வெயில் வாங்குவதற்கு இதுவே காரணம். கன்னியாகுமரிப் பக்கத்தில் இந்தக் காலம் இன்னும் சில வாரங்கள் நீளும். தெற்குத் தாழ்வாரத்தின் சுபாவம் இதற்கு நேர்மாறானது. அங்கே வைகாசியில் நிழலும், சூரியன் தாழ்ந்து செல்லும் மார்கழியிலும் தையிலும் உள்சுவர் வரைக்கும் எட்டும் இளவெயிலும் கிடைப்பதால், வீட்டிலுள்ள விருத்தர்கள் காலைப்பொழுதில் அமர்வதற்கு அதைவிட உசிதமான இடம் வேறில்லை. மேற்குப் பக்கமோ பிற்பகல் முழுவதும் காய்கிற இடம். அங்கே உலோக இருக்கையைப் போட்டால் மாலை 6 மணிக்குக்கூட அதில் கை வைத்துப் பார்த்துத்தான் உட்காரவேண்டியிருக்கும்.

மழைக்கும் இப்படியே ஒரு திசை உண்டு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில், வடகிழக்குக் காற்றோடு வருவதால், கிழக்கும் வடக்கும் பார்த்த திண்ணைகளில் சாரல் உள்ளே அடிக்கிறது. தென்காசி, நாகர்கோவில் பக்கங்களிலோ ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும் அது வருகிறது. ஒரு பெருமழை நாளில் தாழ்வாரத்துக்கு வந்து, தரையில் ஈரம் எந்த எல்லை வரை எட்டியிருக்கிறது என்று பார்த்து, சுவரோரத்தில் ஒரு கோடு கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதிக்கு ஒரு வகைப் பொருளும், வெளியே இருக்கும் பகுதிக்கு வேறொரு வகைப் பொருளும் என்று பிரித்துக்கொண்டால், பின்னால் வரக்கூடிய நஷ்டங்களில் பெரும்பகுதி அந்தக் கோட்டினாலேயே நிவர்த்தியாகிவிடும்.

வெளியிடத்து இருக்கைகளுள் தலைசிறந்தது நகர்த்த முடியாத கட்டுத் திண்ணையே என்று நான் உறுதியாக நம்புகிறேன். புதிதாக வீடு கட்டுவோர் நாற்காலிக் கடைக்குச் செல்லுமுன் கொத்தனாரோடு பேசி, வாசலின் இருபுறமோ ஒருபுறமோ ஒரு திண்ணையை அமைத்துக்கொள்வாராயின், அதற்கு மேல் அவர்கள் வாங்கவேண்டியிருப்பது ஒன்றோ இரண்டோ நாற்காலிகள்தாம். 18 அங்குல உயரமும், சாய்ந்து படுக்க இடம் கொடுக்கும் வகையில் 2½ முதல் 3 அடி அகலமும் வைத்து, மேற்பரப்பில் அடிக்குக் கால் அங்குலம் வீதம் வெளிப்புறமாக வாட்டம் கொடுத்து, விளிம்பை உருட்டிவிட்டு, ஒரு கோடியில் தலை வைக்கச் சாய்வான திண்டும் கட்டிவிட்டால், தலைமுறை தலைமுறையாக உழைக்கும் ஆசனம் அது. சிமெண்டில் சிவப்புக் காவி கலந்து தேய்த்து மெருகேற்றிய மேற்பரப்பு, கோடைப் பிற்பகலிலும் முதுகுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் பூசிய பிறகு குறைந்தது ஒரு வாரமாவது சாக்குப் போட்டு நீர் தெளித்து ஆற்றாவிட்டால், அதே மேற்பரப்பு மயிரிழை மயிரிழையாக வெடித்துவிடும். வேலையை முடித்துக்கொண்டு ஆட்கள் போனபின் நீர் தெளிக்கும் பொறுப்பு வீட்டாரையே சேர்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

தோட்டத்தில் வேப்ப மரத்தடியிலோ கிணற்றடியிலோ போடுவதற்குக் கருங்கல் பலகை சிலாக்கியமானது. மழையும் வெயிலும் அதை எதுவும் செய்யா. 5 அடி நீளம், 1½ அடி அகலம், 2 அங்குலக் கனம் உள்ள பலகை ஒன்று 90 கிலோவுக்கு மேல் நிறுக்குமாதலால், அதைத் தாங்கும் இரண்டு கால்களையும் கோடியில் நிறுத்தாமல் சற்று உள்ளே தள்ளி, இறுகிய தரையில் நிறுத்தவேண்டும். மொட்டை மாடியில் கல் இருக்கை அமைக்க விரும்புவோர், கீழே சுவரோ உத்தரமோ செல்லும் கோட்டின் மேல் வைத்தல் க்ஷேமம். தளத்தின் நடுமத்தியில் அதை வைக்க நினைத்தால், வீட்டைக் கட்டிய பொறியாளரைக் கேட்காமல் வைக்கலாகாது.

இனி, உட்காரப்போகிறவர் யார் என்பதைப் பார்ப்போம். இன்று கடைகளில் தோட்ட இருக்கை என்று காட்டப்படும் பலவும் வேறு நாட்டுப் பழக்கங்களை உத்தேசித்து அமைக்கப்பட்டவை. அவை தாழ்வாகவும் ஆழமாகவும், உட்கார்ந்தவர் முழங்கால் இடுப்புக்கு மேலே எழும்படியாகவும் இருக்கின்றன. இளைஞருக்கு அது சுகம். அறுபதைத் தாண்டியவருக்கோ அதிலிருந்து எழுந்திருப்பதே ஒரு பெரும் பிரயாசை. ஆசனத்தின் உயரம் 16 முதல் 18 அங்குலம், ஆழம் 18 அங்குலத்துக்கு மிகாமல், கைப்பிடிகள் ஆசனத்திலிருந்து 8 அல்லது 9 அங்குல உயரத்தில், ஊன்றி எழுவதற்குப் பிடி கொடுக்கும்படி முன்வரைக்கும் நீண்டு இருத்தல் வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு: சிறிது நேரம் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தபின் இயல்பாகவே காலை மடித்துச் சம்மணம் போட்டுக்கொள்வார்கள். 18 அங்குல அகலமுள்ள கைப்பிடி நாற்காலியில் அது முடியாது. குறைந்தது 24 அங்குலம் இடம் வேண்டும். அல்லது கைப்பிடியே இல்லாத விசுப்பலகை வேண்டும். நம் பழைய வீடுகளில் கூடத்திலும் தாழ்வாரத்திலும் விசுப்பலகைகள் கிடந்ததன் ரகசியம் இதுதான்: ஒருவர் மடித்து உட்காரவும், இருவர் பேசிக்கொண்டிருக்கவும், மூவர் நெருக்கிக்கொள்ளவும், மத்தியானத்தில் ஒருவர் துண்டை விரித்துப் படுக்கவும் அந்த ஒரே பலகை இடம் கொடுத்தது. 5 அடி நீளமும் 20 அங்குல அகலமும் உள்ள ஒரு விசுப்பலகையும், கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்றும் ஒரு சாதாரணத் தாழ்வாரத்துக்குப் போதுமான சாமான்கள். நடுவே 2½ அடியாவது தடையின்றி நடக்க வழி இருக்கவேண்டும். இருட்டில் காலை இடித்துக்கொள்ளும் மேஜை எவ்வளவு அழகாயிருந்தும் பிரயோஜனமில்லை.

மரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் நம்மவர் அதிகம் செலவழிப்பதும் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். வெளியிடத்துக்கு உகந்த மரங்களுள் தேக்குக்கு முதலிடம் கொடுப்பதில் எவருக்கும் ஆட்சேபம் இராது. தன் உடம்பிலேயே எண்ணெய்ப் பசையை வைத்துக்கொண்டிருப்பதால் அது தண்ணீரையும் கறையானையும் காளானையும் எதிர்த்து நிற்கிறது. மலபார் ஜில்லா சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், கப்பல் கட்டுவதற்கு வேண்டிய மரம் காடுகளில் அருகிவருவதைக் கண்டு, கலெக்டர் கானலி என்பவர் 1840-களில் நிலம்பூரில் தேக்கை விதைத்துத் தோட்டமாகவே வளர்க்க ஏற்பாடு செய்தார் என்றால், உப்பு நீரில் உழல்வதற்கு இந்த மரத்தை எவ்வளவு நம்பியிருந்தார்கள் என்பது விளங்கும். செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களுக்குப் பர்மாத் தேக்கு கடல் கடந்து வந்த வரலாறும் யாவரும் அறிந்ததே. ஆயினும் தேக்கு என்ற பெயர் ஒன்றே காப்பாகாது. மரத்தின் நடுப்பகுதியான வைரத்துக்கு உள்ள உறுதி, பட்டையை ஒட்டிய வெளிறுக்குக் கிடையாது. வெளிறு வெளிர்நிறமாக, மென்மையாக, பூச்சி எளிதில் புகும்படி இருக்கும். இளந்தேக்கில் வெளிறே அதிகம். அதன் மேல் கரும்பழுப்புச் சாயம் பூசி வைரம்போலக் காட்டுவது சில கடைகளின் வழக்கமாதலால், நாற்காலியைக் கவிழ்த்து, சாயம் பூசாமல் விட்ட அடிப்பக்கத்தையும் கால்களின் நுனியையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பொன்னிறமும் பழுப்புமாக ரேகை ஓடினால் நல்லது. மாவைப்போல் வெளுத்த பட்டை ஒரு பக்கமாக ஓடினால், அந்தக் கட்டையை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

தேக்கு வாங்க இயலாதவர்கள் வருந்தவேண்டியதில்லை. வேங்கை உறுதியில் தேக்குக்கு அதிகம் தாழ்ந்ததன்று. ஆனால் ஈரம்பட்டால் அதிலிருந்து மஞ்சள் கறை இறங்குமாதலால், சாரல் படும் இடத்தில் அதை மெருகிடாமல் போட்டு, வெள்ளை வேட்டியோடு உட்காரலாகாது. பூவரசும் வாகையும் வேம்பும் கூரையின் கீழே நன்றாகவே உழைக்கும். வேம்பைக் கறையான் அவ்வளவாக அண்டாது, எனினும் பச்சையாக அறுத்துச் செய்தால் அது முறுக்கிக்கொள்ளும். பலா கூரையுள்ள தாழ்வாரத்துக்கு ஏற்றது. நாளாக நாளாக அதன் மஞ்சள் நிறம் பழுத்துச் செம்மை கலந்த பழுப்பாக மாறுவது கண்ணுக்கு இனிய காட்சி. ரப்பர் மரத்தில் செய்து பளபளப்பாக விற்கப்படும் சாமான்களோ வீட்டினுள்ளே மட்டும் வைத்துக்கொள்ளத் தகுந்தவை. சாரல் அடிக்கும் இடத்தில் பூஞ்சையும் புழுவும் அவற்றை விரைவில் பிடித்துவிடும். ஒட்டுப்பலகையையும் மரத்தூள் பலகையையும் பற்றிச் சொல்லவே தேவையில்லை. வாசற்படிக்கு வெளியே அவற்றுக்கு வேலை இல்லை.

மரம் நல்லதாக இருந்தும் இணைப்பு சரியில்லாவிட்டால் எல்லாம் வியர்த்தம். ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி மற்றதன் குழியில் இறுக்கிச் செருகி, குறுக்கே மூங்கில் ஆணி அடித்த இணைப்பு, மழையில் மரம் ஊதினாலும் வெயிலில் சுருங்கினாலும் அதனோடு ஒத்துப்போகிறது. இரும்புத் திருகாணியை மட்டும் நம்பிய இணைப்பில் ஆணி துருப்பிடித்து, துளை பெரிதாகி, நாற்காலி ஆடத் தொடங்குகிறது. திருகாணி இன்றியமையாத இடங்களில் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ போடச் சொல்லவேண்டும். மேற்பூச்சிலும் ஒரு விஷயம் உண்டு. கண்ணாடிபோல் மின்னும் வார்னிஷ் வெளியிடத்தில் ஓரிரு கோடைக்குள் செதில் செதிலாக உரிந்துவிடும். பிறகு முழுவதையும் சுரண்டி எடுத்தாலொழிய மறுபடி பூச முடியாது. இதைக் காட்டிலும் புரட்டாசிதோறும் மழைக்கு முன்பாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியால் ஏற்றுவது மேலானது. எண்ணெய் நனைத்த அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடலாகாது; அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும், ஆகவே தண்ணீரில் நனைத்துப் பிறகே எறியவேண்டும். எண்ணெயே இடாமல் விட்டாலும் தேக்கு சாம்பல் நிறம் அடையுமே தவிர, அதனால் உறுதி குன்றிவிடாது. மண் தரையிலோ செங்கல் பாவிய முற்றத்திலோ நிற்கும் மரக் கால்கள் ஒவ்வொன்றின் கீழும் ஒரு கருங்கல் துண்டை வைத்துவிட்டால், கறையானின் மண்புற்று ஏறுவது கண்ணுக்குத் தென்படும், உடனே தட்டிவிடலாம்.

சாய்வு நாற்காலியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தப் பகுதியை விட்டு நகர மனம் வரவில்லை. தடித்த துணியை இரண்டு கம்புகளில் கோத்துத் தொங்கவிட்ட ஈசிசேரைப்போல் குறைந்த செலவில் நிறைந்த சுகம் தரும் ஆசனத்தை நான் அறியேன். மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடலாம்; துணி நைந்தால் உள்ளூர்த் தையற்காரரே புதிது தைத்துக் கொடுத்துவிடுவார். வாங்கும்போது பார்க்கவேண்டியவை இரண்டே. பின்சட்டம் தங்கும் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றனவா, மடிக்கும் இடத்தில் விரல் நசுங்காதபடி இடைவெளி விடப்பட்டிருக்கிறதா என்பன அவை. குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டாவதைச் சிறிதும் அலட்சியம் செய்யலாகாது. துணியின் மடிப்பைக் கோடைதோறும் இழுத்துப் பார்த்து, நூல் தெறித்திருந்தால் உடனே மாற்றிவிடவேண்டும். இடுப்பு வலி உள்ளவர்களுக்கு மட்டும் நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். தொங்கும் துணி முதுகை வளைத்து வைப்பதால் அவர்களுக்குப் பிரம்பு பின்னிய நிமிர்ந்த நாற்காலியே நல்லது.

தொல்காப்பிய மரபியல், வெளியே வைரமுள்ளவற்றைப் புல் என்றும் உள்ளே வைரமுள்ளவற்றை மரம் என்றும் பகுத்துரைத்திருக்கிறது. தாழ்வாரச் சாமான் வாங்குவோருக்கு இன்றும் உதவக்கூடிய பாகுபாடு அது. பனையும் மூங்கிலும் பிரம்பும் முதல் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் உறுதி முழுவதும் மேற்புறத்தில் இருப்பதால், அந்த மேற்புறத்தைச் சீவியோ பிளந்தோ விட்ட இடத்தில்தான் நீரும் பூச்சியும் புகும். பனஞ்சட்டத்தில் செய்த பெஞ்சு கரிய வைரப் பகுதியில் மட்டும் அறுக்கப்பட்டிருந்தால் மழையையும் தாங்கும். உட்புறத்துச் சோறு கலந்திருந்தால் ஒரு பருவத்துக்கு மேல் நில்லாது. மூங்கிலில் மாவுச்சத்து மிகுதி, அதை நாடியே உளு வருகிறது. ஆகவே வெட்டிய மூங்கிலைச் சில வாரங்கள் ஓடும் நீரில் ஊறப்போட்டோ, வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்தோ பதப்படுத்தியிருக்கிறார்களா என்று விசாரித்து வாங்கவேண்டும். வாங்கிய மூங்கில் நாற்காலியின் அடியில் நுண்ணிய மஞ்சள் மாவு உதிர்ந்து கிடந்தால், வியாதி உள்ளே புகுந்துவிட்டது என்று அறியலாம்.

பிரம்பு மூங்கிலைப்போல் உள்ளே கூடாக இராது. முழுவதும் நார் நிறைந்த கொடி. அதனால்தான் சூடு காட்டி எந்த வடிவத்துக்கும் அதை வளைக்க முடிகிறது. இலேசானது, காற்றோட்டமானது, வியர்வையை முதுகில் ஒட்டவிடாதது. கூரையுள்ள தாழ்வாரத்துக்கு இதற்கு இணை சொல்லமுடியாது. ஆயினும் நாள்பட்ட வெயில் அதை உலர்த்திப் பிளக்கும், நாள்பட்ட ஈரம் அதைக் கறுக்க வைக்கும். நாம் முன்பு கிழித்த கோட்டுக்கு உள்ளே நான்கு கால்களும் நிற்குமானால் வாங்குங்கள், இல்லையேல் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மூட்டுகளைச் சுற்றியுள்ள கட்டு தளர்ந்ததும் ஆணி அடித்துச் சரிசெய்ய முயல்வது பிரம்பைப் பிளந்துவிடும். அதைப் பின்னத் தெரிந்தவரிடம் கொடுத்து மறுபடி சுற்றச் சொல்வதே முறை. பிரம்புபோலத் தோன்றும் பிளாஸ்டிக் நாடா பின்னிய நாற்காலிகள் இக்காலத்தில் ஏராளமாக வருகின்றன. தரமான நாடா மழையைத் தாங்கும். உள்ளே மறைந்திருக்கும் சட்டம் இரும்பாக இருப்பின், அது நம் கண்ணில் படாமலே துருப்பிடித்து ஒரு நாள் முறியும். காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் விழுந்தால் அலுமினியம் என்று நம்பலாம்.

உலோகங்களுக்குள், தேனிரும்பை வளைத்துச் செய்த நாற்காலிகள் கோயம்புத்தூர், சேலம் போன்ற உள்நாட்டு ஊர்களில் நெடுங்காலம் இருக்கும். சென்னைக் கடற்கரை ஓரத்திலும் நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களிலும் அவற்றைப் பராமரிப்பது நிரந்தரமான ஒரு கடமையாகிவிடும். துரு முதலில் பிடிப்பது பற்றவைத்த மூட்டுகளில். ஆகையால் பெயிண்டின் பளபளப்பைப் பார்ப்பதைவிட, மூட்டு முழுச்சுற்றும் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் தொட்டு விடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்புக் குழாய் அதிக நாள் நிற்கும். குழாய்க் கால்களின் நுனியில் மூடி இல்லாமலோ, ஆசனத்தில் நீர் வடிய வழி இல்லாமலோ இருந்தால், அங்கே தேங்கும் சிறிதளவு தண்ணீர் துருவை வளர்ப்பதோடு, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கும் இடம் கொடுத்துவிடுகிறது. துருப்பிடிக்காத எஃகிலும் தரபேதம் உண்டு: 304 என்ற ரகம் உள்நாட்டுக்குப் போதும், கடலோரத்திலோ அதன்மேல் தேநீர்க் கறைபோன்ற படிவு தோன்றும், 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 என்ற ரகம் உப்புக் காற்றை நன்கு எதிர்க்கும், விலையும் அதற்கேற்ப அதிகம். அலுமினியம் செந்துருப் பிடிக்காது. இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே கனம். எந்த உலோகமாயினும் வெயில் படும் இடத்துக்குக் கறுப்பு நிறத்தைத் தவிர்த்து வெளிர் நிறத்தையே தேர்ந்தெடுக்கவேண்டும்.

கனம் குறைவு என்பது தூக்கி வைக்கச் சௌகரியம்தான். ஆனால் மொட்டை மாடியில் அதுவே ஆபத்தாக மாறக்கூடும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் விழும் காற்றின் தள்ளுதல் 45 கிலோ எடைக்குக் குறையாது. ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நாற்காலியோ இரண்டு மூன்று கிலோதான் இருக்கும். மாடியிலிருந்து பறந்த நாற்காலி கீழே தெருவில் போகிறவர் மேல் விழுந்தால் விளையும் அனர்த்தத்தை நினைத்துப் பார்த்து, மாடியில் வைக்கும் இலேசான சாமான்கள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிவைக்கத் தக்கவையாகவும், கட்டுவதற்குக் கைப்பிடிச் சுவரில் ஒரு வளையம் உள்ளதாகவும் பார்த்துக்கொள்ளவேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியை இழிவாகப் பேசுவது எனக்கு உடன்பாடன்று. திடீரென்று பத்துப் பேர் வந்துவிட்டால் அதுதான் நம் மானத்தைக் காக்கிறது. வெயிலில் நாள்பட அதன் மேற்பரப்பு வெளுத்து, தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டத் தொடங்கும். அந்த அறிகுறி கண்ட நாற்காலியில் கனத்த சரீரமுள்ளவர்களை உட்காரச் சொல்லாதீர்கள். மாடித் தளத்தில் தட்டோடு பாவியிருந்தால், எந்த நாற்காலியின் காலுக்கும் ரப்பர்க் குமிழ் இடவேண்டும். கூரிய இரும்புக் கால் ஓட்டின் இணைப்பைப் பெயர்த்துவிட்டால், அந்த வழியே ஒழுகும் நீரை நிறுத்துவது நாற்காலியின் விலையைப்போலப் பல மடங்கு செலவு வைக்கும். நிழலுக்கென்று நடுக்கம்பு நாட்டிய பெருங்குடை மாடிக்கு ஆகாது. நான்கு குழாய் நட்டுத் தென்னங்கீற்றுப் பந்தலைப் பங்குனியில் போட்டு ஆவணியில் பிரித்துவிடுவது குளிர்ச்சிக்கும் நல்லது, புயலுக்கும் பயமில்லை. அடுப்பும் பட்டாசும் அதன் அருகே வரலாகாது.

ஊஞ்சலுக்கு ஆசைப்படாத தமிழ்க் குடும்பம் அரிது. தாழ்வாரத்தில் அதை மாட்ட விரும்புவோர், 2 அங்குலக் கனத்துக்குக் குறையாத வைரம் பாய்ந்த பலகையும், முன்னும் பின்னும் 3 அடி வெற்றிடமும் தேடிக்கொள்ளவேண்டும். கொக்கியின் விஷயத்தில் சிக்கனம் கூடாது. மூன்று பேர் அமர்ந்தால் 200 கிலோ. ஆடும்போது சங்கிலி தாங்கும் பாரம் அதற்கும் மேலே போகிறது. தளம் வார்க்கும்போதே கம்பியில் கோத்து விட்ட கொக்கியோ, பிற்பாடாயின் தளத்தை ஊடுருவி மேலே இரும்புத் தகடு வைத்து முடுக்கிய போல்ட்டோ ஏற்றது. துளையில் செருகி விரியவைக்கும் ஆணியை இந்தக் காரியத்துக்கு நம்பாதீர்கள். கொக்கியும் வளையமும் உராயும் இடம் தேய்ந்திருக்கிறதா என்று ஆண்டுக்கு இருமுறை ஏணி வைத்துப் பார்க்கவேண்டும்.

மெத்தைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இலவம் பஞ்சு அடைத்த தலையணை உட்காரச் சுகம், ஈரம் ஏறினால் காய நாளாகும். ஆகவே பட்டன் வைத்த உறையோடு தைத்து, இரவில் உள்ளே எடுத்துவிடலாம். பவானி ஜமக்காளம் ஒன்றை நான்காக மடித்து விசுப்பலகையில் விரித்துவிட்டால் மெத்தையே வேண்டியதில்லை. மேஜை தேவைப்படுமானால், உணவருந்த 29 அல்லது 30 அங்குல உயரமும், காப்பி வைக்க மட்டும் என்றால் ஆசனத்தின் உயரமும் போதும். மேலே கடப்பைக் கல்லோ கருங்கல்லோ பதித்துவிட்டால் சூட்டுக்கும் கறைக்கும் கவலையில்லை.

கடையில் ஆயத்தமாகக் கிடப்பதை வாங்குவதா, தச்சரிடம் சொல்லிச் செய்வதா என்று கேட்பவர்களுக்கு, மரச்சாமானாயின் தச்சரிடமே செல்லுங்கள் என்பேன்; எதிர்காலத்தில் பழுது பார்ப்பவரும் அவரே. வேலை கொடுக்கவேண்டிய காலம் தை, மாசி. மழைக்காலத்தில் அறுத்து இழைத்த மரம் ஈரத்தோடு ஊதியிருக்கும். அப்போது இறுக்கமாகத் தோன்றிய இணைப்பு சித்திரையில் மரம் சுருங்கியதும் தளர்ந்துவிடும். மரத்தைக் கன அடிக் கணக்கில் நீங்களே போய்ப் பார்த்து வாங்கிக் கொடுத்தால் வெளிறு கலந்துவிடும் என்ற சந்தேகம் இராது. பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களும் கதவு நிலைகளும் பல ஆண்டுகள் காய்ந்து பதப்பட்டவையாதலால் அவை கிடைக்குமானால் விடவேண்டாம். உள்ளே புதைந்திருக்கும் ஆணிகளைப் பிடுங்கிய பிறகே அறுக்கக் கொடுக்கவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. வீட்டில் யார் அதிகம் உட்காருவார்களோ அவரைத் தச்சரின் பட்டறைக்கு அழைத்துச் சென்று, மெருகிடுவதற்கு முன்பாக, வெறும் சட்டமாக இருக்கும்போதே ஒருமுறை உட்காரவைத்துப் பாருங்கள். கால் தரையில் முழுவதும் பதிகிறதா, கைப்பிடியை ஊன்றிச் சிரமமின்றி எழ முடிகிறதா என்று பார்த்து, உயரம் அரை அங்குலம் அதிகமாக இருப்பின் அப்போதே சீவிவிடச் சொல்லலாம். மீதமான பிரம்பு நாரையும் ஈசிசேர்த் துணியின் மிச்சத்தையும் கேட்டு வாங்கி, பரணில் ஒரு பையில் போட்டு வையுங்கள்.